ஊதச் சொன்னால் ஊதுங்கள். எனக்குப் போன் போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இதற்குப் பத்து நிமிடம் கொடுங்கள்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்வது பற்றி நம் சொந்தங்களுக்குள் ஒரு வாரமாகச் சண்டை நடக்கிறது. நம் வீட்டுப் பையன் ஒருவனைச் சனிக்கிழமை ராத்திரி பைபாஸ் ரவுண்டானாவில் நிறுத்தியிருக்கிறார்கள். கருவி 126 காட்டியது. வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு கேஸ் எழுதிவிட்டார்கள். அங்கே நின்ற இன்ஸ்பெக்டர் என்னிடம் பிளஸ் டூ படித்தவர். "பெரியப்பா ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க" என்று என்னை நான்கு பேர் அழைத்தார்கள். நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அதனால் இப்போது நான் "சொந்தத்துக்கு உதவாத மனுஷன்". அந்தப் பட்டத்தை வைத்துக்கொள்கிறேன். ஆனால் குரூப்பில் எழுதிய வாதங்களுக்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வாதம்: "ஒரே ஒரு பீர்தான் சாப்பிட்டான்."

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 185. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்னால் முதல் தடவை அபராதம் வெறும் 2,000 ரூபாய் வரைதான்.

இப்போது கணக்கு. நான் வேதியியல் வாத்தியார். விட மாட்டேன். எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் உடம்பில் ஆல்கஹால் பரவுகிற இடம் ஏறக்குறைய 48 லிட்டர். 650 மில்லி பாட்டில் பீர், 5 சதவீதம் என்றால் அதில் ஆல்கஹால் 32 மில்லி சொச்சம், எடை சுமார் 25 கிராம். வகுத்துப் பாருங்கள். 100 மில்லிக்கு 50 மில்லிகிராமைத் தாண்டும். அந்த "ஒரே ஒரு பீர்" உள்ளே போனதுமே சட்டத்தின் கோடு பின்னால் போய்விட்டது. பிராந்தி 42.8 சதவீதம். ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி, 60-க்கு மேல் கொண்டுபோகும். முழு குவார்ட்டர் சுமார் 125. எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் இது இன்னும் கூடும். ஆக, நம் பையனின் 126 எதன் கணக்கு என்று நீங்களே விடை எழுதிக்கொள்ளுங்கள். மார்க் நான் போட வேண்டியதில்லை.

இதோடு இன்னொரு பாடம். ஏறிய மது மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் இறங்கும். அந்த வேலையைச் செய்வது கல்லீரல். மோர், எலுமிச்சை, கட்டஞ்சாயா, தலைக்குக் குளியல், கொய்யா இலை எதுவும் அதை அவசரப்படுத்தாது. கொய்யா இலை வாயின் வாடையை மாற்றும். நுரையீரலிலிருந்து வரும் காற்றை மாற்றாது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஆஃப் பாட்டிலை முடித்துவிட்டுத் தூங்கியவன், காலை எட்டு மணிக்குப் பிள்ளையை வண்டியின் முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கிளம்புகிறபோது சட்ட அளவைப் போல் பல மடங்கு போதையில்தான் இருப்பான். "தூங்கி எழுந்துட்டேன், தெளிஞ்சிருச்சு" என்று அவன் நம்புவதுதான் ஆபத்து.

இரண்டாவது வாதம்: "மெஷின் பொய் சொல்லும் சார்."

கரைசல்கள் பாடத்தில் ஹென்றி விதி படித்தோம், நினைவிருக்கிறதா? ஒரு திரவத்தில் கரைந்திருக்கும் வாயுவுக்கும் அதன் மேலே இருக்கும் காற்றுக்கும் ஒரு நிலையான விகிதம் உண்டு. நுரையீரலில் ரத்தமும் காற்றும் சந்திக்கும் இடத்திலும் அதே கதைதான். சுமார் 2,100 மில்லி மூச்சுக்காற்றில் இருக்கும் ஆல்கஹால், 1 மில்லி ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலுக்குச் சமம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆரஞ்சு நிறப் பொட்டாசியம் டைகுரோமேட்டை எத்தனால் பச்சையாக்குவதை ஆய்வகத்தில் பார்த்துக் கைதட்டினீர்களே, 1954-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் செய்த கருவி அந்த நிறமாற்றத்தைத்தான் அளந்தது. இன்று கையில் பிடிக்கிற கருவிகளில் பெரும்பாலும் பிளாட்டினம் மின்முனை வைத்த எரிபொருள் மின்கலம். சர்க்கரை வியாதிக்காரர் மூச்சில் வரும் அசிட்டோனை அது மதுவென்று எண்ணாது. இருமல் மருந்தோ வாய் கொப்பளிக்கிற திரவமோ வாயில் தங்கியிருந்தால் சிறிது நேரம் அளவு கூடலாம், உண்மை. அதற்கு வழி, பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடி ஊதுவது. மருந்து என்றால் இறங்கிவிடும். சரக்கு என்றால் இறங்காது.

கருவி தவறவே தவறாது என்று நான் சொல்லவில்லை. அளவு திருத்தம் செய்யாத கருவி தவறும். ஆனால் கருவி இல்லாத காலத்தை நினைத்துப் பாருங்கள். ஏட்டு முகர்ந்து பார்த்து "வாடை வருது" என்று எழுதினால் கேஸ். 1971-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் சொல்லிவிட்டது: மூச்சில் வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்பாப்பா, இவற்றை மட்டும் வைத்து, ரத்தப் பரிசோதனையோ சிறுநீர்ப் பரிசோதனையோ இல்லாமல், போதையில் ஓட்டினான் என்று முடிவுகட்ட முடியாது என்று. முகர்ந்து பார்ப்பதில் போலீஸ்காரருக்கு வேண்டியவன், வேண்டாதவன் உண்டு. எண்ணுக்கு அது கிடையாது. உங்களுக்குச் சாதகமாக ரோட்டில் நிற்கிற ஒரே சாட்சி அந்தக் கருவிதான்.

மூன்றாவது வாதம்: "அரசாங்கமே விற்குது, அரசாங்கமே பிடிக்குது. இது என்ன நியாயம்?"

இந்த வாதத்தில் சரக்கு இருக்கிறது. அந்தச் சரக்கைச் சொல்லவில்லை. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில்தான். 2023-24-இல் அதனால் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15-இல் தீர்ப்பளித்ததே, அதில் ஒரு தரப்பு நம் தமிழ்நாடு அரசு. எதிர்த் தரப்பில் வழக்கறிஞர் கே.பாலு. அடுத்த ஆண்டே நகராட்சி எல்லைக்குள் அது பொருந்தாது என்று விளக்கம் வந்தது. பார் வாசலில் நாற்பது பைக் நிற்க இடம் இருக்கிறது. அந்த நாற்பது பேரும் நடந்தா வீட்டுக்குப் போகப் போகிறார்கள்? அரசாங்கத்துக்குத் தெரியாதா? தெரியும். இதில் அரசாங்கத்துக்குப் பங்கு இருக்கிறது. அதை நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

ஆனால் இதிலிருந்து நீங்கள் வருகிற முடிவு எனக்குப் புரியவில்லை. அரசு விற்கிறது, அதனால் சோதிக்கக் கூடாது என்கிறீர்கள். நான் சொல்கிறேன், அரசு விற்கிறது, அதனால்தான் கூடுதலாகச் சோதிக்க வேண்டும். பார் வாசலிலேயே ஒரு கருவி இருக்கட்டும். வண்டிச் சாவியை எடுக்கும் முன் ஊதிப் பார்த்துவிட்டுப் போகட்டும். பிடிபட்ட பிறகு வரும் பத்தாயிரத்தைவிட, பிடிபடாமல் வீட்டுக்குப் போய்ச்சேர ஒரு ஆட்டோ நிற்க ஏற்பாடு செய்யட்டும். இதைக் கேட்டு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. சமையல் கத்தியை விற்றது கடைக்காரர்தான். அதற்காகக் குத்தியவனை விட்டுவிடச் சொல்வீர்களா?

நான்காவது வாதம்: "பெரிய ஆளுங்களை விட்டுட்டு நம்மளைத்தான் பிடிக்கிறாங்க."

இது உண்மை. முழு உண்மை. இதற்குக் காரணம் சட்டத்திலேயே ஒளிந்திருக்கிறது. பிரிவு 203-ஐப் படித்துப் பாருங்கள். குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் ஊதச் சொல்லலாம் என்கிறது. யார் மேல் சந்தேகம் வரும்? லுங்கியைக் கட்டிக்கொண்டு பழைய மொபெட்டில் வரும் கொத்தனார் மேல் வரும். கண்ணாடி ஏற்றி, ஏ.சி. போட்டு, முன்னால் கட்சிக்கொடி கட்டி வரும் காரின் மேல் வராது. கொத்தனாருக்குப் பத்தாயிரம் என்பது அரை மாதக் கூலி. கார்க்காரருக்கு ஒரு ராத்திரி பில்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982 டிசம்பரில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சந்தேகம் என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். ரோட்டோரம் நின்று வருகிற வண்டியை நிறுத்துவார்கள், ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் ஊத வேண்டும். அமைச்சரா, பால்காரரா என்று பார்ப்பதில்லை. சாலைச் சாவுகள் கணிசமாகக் குறைந்தன. எல்லோரும் ஊதும்போது ஊதுவதில் அவமானம் இல்லை. பேருந்தில் டிக்கெட் பரிசோதகர் வந்தால் எல்லோரும் டிக்கெட்டைக் காட்டுவதில்லையா, அதுபோலத்தான்.

அப்படியானால் நாம் கேட்க வேண்டியது என்ன? "எங்களையும் விடு" என்றா? "அவர்களையும் பிடி" என்றா? "எங்களையும் விடு" என்று நாம் ஒருவருக்காகக் கேட்கிற ஒவ்வொரு தடவையும், நம்மைவிடப் பெரிய ஆள் கேட்பதற்கு நாமே வழி போட்டுக் கொடுக்கிறோம். நம் போன் இன்ஸ்பெக்டர் வரை போகும். அவர்கள் போன் அதற்கும் மேலே போகும். போன்களில் போட்டி வைத்தால் ஜெயிக்கப் போவது நாமல்ல.

நான்காவது வாதத்தை எழுதியவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். என்னிடம் படித்த ஒரு பையன், பெயர் வேண்டாம், நூற்பாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து சைக்கிளில் வந்தவன். கல்யாண வீட்டிலிருந்து வந்த கார் அடித்தது. நேரம் ராத்திரி பன்னிரண்டரை. காரிலிருந்து இறங்கியவரால் நிற்க முடியவில்லை என்று டீக்கடைக்காரர் உட்பட மூன்று பேர் சொன்னார்கள். ஆனால் அவர் ரத்தம் எடுக்கப்பட்டது மறுநாள் காலை பத்து மணிக்கு. மணிக்கு 15 வீதம் ஒன்பதரை மணி நேரம். பெருக்கிப் பாருங்கள். 140 கரைந்து போகும். ரிப்போர்ட்டில் "மது இல்லை" என்று வந்தது. அது பொய் ரிப்போர்ட் அல்ல. காலை பத்து மணி ரத்தத்தில் உண்மையாகவே மது இல்லை.

கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் பரிசோதிக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்கிறது பிரிவு 202. அப்பாவியை ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைக்கக் கூடாது என்பதற்காக எழுதிய நல்ல விதி. ஆனால் போன் போடுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். கேஸை உடைக்க வேண்டாம், சாட்சியைக் கலைக்க வேண்டாம். நேரத்தைக் கடத்தினால் போதும். மிச்சத்தைக் கல்லீரல் பார்த்துக்கொள்ளும்.

அன்றைக்கு யார் யாருக்குப் போன் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் கெட்ட எண்ணத்தில் போட்டிருக்க மாட்டார்கள். யாரோ ஒரு சித்தப்பா, யாரோ ஒரு வாத்தியார், "நல்ல பையன், தெரியாம நடந்துருச்சு, கொஞ்சம் பாத்து விடுங்க" என்று சொல்லியிருப்பார். அந்தப் பையனின் அம்மா இன்றைக்கும் கோயில் வாசலில் பூ கட்டி விற்கிறார். அந்த அம்மாவிடம் பூ வாங்குகிற கையால் நான் அந்த மாதிரி ஒரு போனை எடுக்க வேண்டும் என்கிறீர்கள்.

பெரிய அளவில் இது எப்படி இருக்கும் என்று 2024 மே 19-இல் நாடே பார்த்தது. புனேயின் கல்யாணி நகர். பதினேழு வயதுப் பையன் ஓட்டிய சொகுசுக் கார், பைக்கில் வந்த இரண்டு இளம் பொறியாளர்களைக் கொன்றது. அன்றே ஜாமீன். நிபந்தனைகளில் ஒன்று, 300 வார்த்தையில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். ரத்தம் எடுக்கப்பட்டது பல மணி நேரம் கழித்து. அந்த ரத்தத்தையும் ஆஸ்பத்திரியில் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று குற்றம் சாட்டி, போலீசே டாக்டர்களைக் கைது செய்தது. அந்தச் செய்தியைப் பார்த்து நம் குரூப்பில் எத்தனை பேர் கொதித்து எழுதினீர்கள்! நான் எல்லாவற்றையும் படித்தேன். அதே விரல்கள்தான் சனிக்கிழமை ராத்திரி எனக்கு டயல் செய்தன. அங்கே கோடி, இங்கே ஒரு வாத்தியாரின் மரியாதை. கொடுக்கிற பொருள்தான் வேறு.

ஐந்தாவது வாதத்தை யாரும் எழுதவில்லை, ஆனால் எல்லோர் மனதிலும் அதுதான் இருக்கிறது. "மரியாதையான குடும்பம். போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்ததில்லை. அசிங்கம்." ஊதியது அசிங்கம் அல்ல. 126-உடன் வண்டியை எடுத்தது அசிங்கம். அதைவிட, பின்னால் உட்கார்ந்து வந்த இரண்டு பேரைக் கேட்கிறேன். அவன் எவ்வளவு சாப்பிட்டான் என்று உங்களுக்குத் தெரியும். சாவியை ஏன் பிடுங்கவில்லை? அதே சட்டத்தில் பிரிவு 188 என்று ஒன்று இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டுவதற்கு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை. 2022-இல் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ், கூட வருகிறவர்களுக்கும் அபராதம் என்று அறிவித்தபோது எல்லோரும் கேலி செய்தார்கள். ஜப்பானில் 2006-இல் குடிகாரன் ஓட்டிய கார் மோதி மூன்று குழந்தைகள் இறந்த பிறகு, அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தினார்கள். தெரிந்தே கூட ஏறியவர், வண்டி கொடுத்தவர், ஊற்றிக் கொடுத்தவர் எல்லோருக்கும் தண்டனை. யோசித்துப் பாருங்கள், நம் ஊரில் "மச்சான் ஸ்டெடி, நல்லா ஓட்டுவான்" என்று சொல்லி ஏறுகிறவன்தான் முதல் குற்றவாளி.

இனி என் மாணவர்களில் சிலருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

போலீஸில் இருக்கும் தம்பிகளே, தங்கைகளே: ஒவ்வொருவருக்கும் புதுக் குழாய் போட்டு ஊதச் சொல்லுங்கள். எண்ணை அவர் கண்ணில் காட்டுங்கள். அச்சிட்ட சீட்டைக் கையில் கொடுங்கள். கருவி கடைசியாக எப்போது அளவு திருத்தப்பட்டது என்று கேட்டால் கோபப்படாமல் சொல்லுங்கள். "வாடா போடா" வேண்டாம், வீடியோவும் வேண்டாம். மாதக் கணக்குக்குக் கேஸ் சேர்க்க மொபெட்டாகப் பார்த்து நிறுத்தாதீர்கள். கொடி கட்டிய காரையும் நிறுத்துங்கள். ராத்திரியில் என் பெயரைச் சொல்லி யாராவது பேசினால், அது நான் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

டாக்டர்களாக இருக்கும் பிள்ளைகளே: இரண்டு மணி நேரத்தில் உங்களுடைய நிமிடங்கள் எத்தனை என்று நினைவில் வையுங்கள். ரத்தம் எடுத்த நேரத்தை உங்கள் கையால் எழுதுங்கள்.

வக்கீல்களாக இருக்கும் பிள்ளைகளே: கருவி தவறு என்றால் கோர்ட்டில் கிழித்துக் காயப்போடுங்கள். அது உங்கள் தொழில், அதுதான் சரியான இடமும் கூட. தப்பாகப் பிடிபட்டவனுக்கு வழி கோர்ட்டில் இருக்கிறது. ரோட்டில் போனில் இல்லை.

சொந்தங்களே: ஆவணியில் நம் வீட்டில் இரண்டு முகூர்த்தம் இருக்கிறது. ராத்திரி மண்டபத்துக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். குடிக்காதே என்று நான் சொன்னால் கேட்கிற வயதில் யாரும் இல்லை. ஆனால் குடிப்பவன் வண்டியை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். பந்திச் செலவோடு ஒரு வேனுக்கும் காசு எடுத்து வைப்போம். மண்டபத்து வாசலில் சாவிகளை வாங்கி வைக்க நான் உட்காருகிறேன். கேட்கக் கூச்சப்பட மாட்டேன். ஹோம்வொர்க் நோட்டைப் பிடுங்கிப் பழகின கைதான்.

இந்த வருஷம் இல்லை, இனி எந்த வருஷமும், ராத்திரி இரண்டு மணியானாலும் சரி, "சார், குடிச்சிருக்கேன், ஓட்ட முடியாது, வண்டி அனுப்புங்க" என்று கூப்பிடுங்கள். ஆட்டோக்காரர் நம்பர் என்னிடம் இருக்கிறது, காசும் நானே கொடுக்கிறேன். அந்த ஒரு போனுக்கு மட்டும் நான் எப்போதும் எழுந்திருப்பேன்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வேதியியல் ஆசிரியன்